சிவப்பு மருந்தும் அம்மாவின் இதயமும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகன் கேட்கிறார்: "அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் 4 சென்டிமீட்டர் கட்டி, அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. ஹெர்-2 பாசிட்டிவ். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை சிவப்பு மருந்து, பிறகு பாக்ளிடாக்செல், அதோடு சேர்த்து ஓராண்டுக்கு டிராஸ்டுசுமாப், கடைசியில் கதிர்வீச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். பத்து வருடமாகச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. எக்கோவில் 60 என்று வந்தது. நூற்றுக்கு அறுபதுதானா என்று அம்மா அழுகிறார். சிவப்பு மருந்து இதயத்தைத் தின்றுவிடும் என்று மாடிவீட்டு அக்கா சொல்கிறார். அதை வேண்டாமென்று சொல்லிவிடலாமா? மருதம்பட்டைக் கஷாயம் கொடுக்கலாமா? அம்மா பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிறவர், இனியும் போகலாமா?"

தம்பி, அந்த அறுபதிலிருந்து தொடங்குகிறேன். எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். அதில் வரும் எண் பரீட்சை மதிப்பெண் இல்லை. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நூறையும் தள்ளும் இதயம் உலகத்தில் யாருக்கும் இல்லை. 55க்கு மேல் இருந்தால் நல்ல இதயம். இதை அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்த எக்கோ தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த இரண்டு வருடத்துக்கு உங்கள் வீட்டில் அதைவிட மதிப்பான காகிதம் இல்லை. காரணம் பின்னால் வருகிறது.

மாடிவீட்டு அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது, அளவுதான் இல்லை. சிவப்பு மருந்து என்று நாம் சொல்வது டாக்சோரூபிசின். இத்தாலியில் ஏட்ரியாட்டிக் கடல் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரை ஆய்வகத்தில் மாற்றியமைத்து எடுத்தது. அந்தக் கடலின் பெயரில்தான் ஏட்ரியாமைசின் என்ற பெயரும் வந்தது. நிறமே ஆளை மிரட்டும். மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். ரத்தம் போகிறது என்று நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம்.

செல் பிளக்கும்போது மரபணு இழையின் முறுக்கைப் பிரித்துவிடும் ஒரு நொதியை இந்த மருந்து நடுவில் பூட்டிவிடுகிறது. இழை அறுந்து புற்றுச் செல் சாகிறது. அந்த நொதிக்கு இதயத் தசையில் ஓர் உடன்பிறப்பு உண்டு. மருந்து அதையும் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, செல்லுக்குள் இருக்கும் இரும்போடு சேர்ந்து நச்சு மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. கீமோவில் கொட்டிய முடி ஆறு மாதத்தில் முளைத்துவிடும், வாய்ப்புண் ஆறிவிடும். இதயத் தசைச் செல் போனால் அநேகமாகப் போனதுதான். அதனால்தான் இந்த மருந்துக்கு ஆயுள் கணக்கு உண்டு. இந்த முறை எவ்வளவு என்பதோடு நில்லாமல், பிறந்ததிலிருந்து மொத்தம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே வருவார்கள்.

அந்தக் கணக்கை நீங்களும் போடலாம். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. நான்கு முறைக்கு 240. மொத்தம் 400ஐ எட்டியவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கும், 550இல் 7 பேருக்கும், 700இல் 18 பேருக்கும் இதயச் செயலிழப்பு வந்ததாக 1979இல் கணக்கெடுத்தார்கள். 2003இல் இன்னொரு குழு கணக்குப் பார்த்தபோது எண்கள் பயங்கரமாக ஏறின: 400இல் 5 பேர், 550இல் 26 பேர், 700இல் 48 பேர். கோடு நேராக ஏறவில்லை; ஓர் இடத்துக்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. அம்மாவின் 240 அந்தச் செங்குத்துக்கு நன்றாகக் கீழே நிற்கிறது. ஆனால் அவருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு, பின்னால் டிராஸ்டுசுமாபும் வருகிறது. அக்கா சொல்கிற அளவுக்குப் பயம் வேண்டாம். அதற்காக அசட்டையாகவும் இருக்க முடியாது.

டிராஸ்டுசுமாபின் குணம் வேறு. அம்மாவின் கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் அதிகம், ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதுதான். அதைக் குறிவைக்கும் ஊசி இது. அதே புரதம் இதயத் தசையிலும் கொஞ்சம் இருக்கிறது. அடிபட்ட தசை தன்னைச் சீர்செய்துகொள்ள அது வேண்டும். அதை அடைத்தால் தசை சோர்ந்துபோகும், பெரும்பாலும் செத்துப்போகாது. மருந்தை நிறுத்தினால் அநேகம் பேருக்குத் திரும்பி வந்துவிடும். இரண்டு மருந்தையும் ஒரே காலத்தில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. நூற்றுக்கு 27 பேருக்கு இதயம் தளர்ந்தது. சிவப்பு மருந்து காயம் பண்ணும்போது ரிப்பேர்க்காரரையும் கட்டிப்போட்டால் வேறென்ன நடக்கும்? இன்றைக்கு ஒன்று முடிந்து மற்றது என்று வரிசையாகக் கொடுப்பதன் காரணம் அதுதான். "ஏன் சார் இழுத்துக்கொண்டே போகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் அதுதான்.

சரி, சிவப்பு மருந்து வேண்டாமென்று சொல்லலாமா? நீங்களாகச் சொல்லாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். அது நியாயமான கேள்வி. டோசிடாக்செல், கார்போபிளாட்டின், டிராஸ்டுசுமாப் சேர்ந்த, சிவப்பு மருந்து இல்லாத ஒரு முறை இருக்கிறது. 3,222 பெண்களை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், சிவப்பு மருந்தோடு டிராஸ்டுசுமாப் பெற்றவர்களில் 2 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு வந்தது. சிவப்பு மருந்து இல்லாத வகையில் 0.4 சதவீதம். ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் வகையில் 84 சதவீதம், இரண்டாவதில் 81. இந்த மூன்று சதவீத வித்தியாசத்தை ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு விதமாக எடைபோடுகிறார்கள். கட்டியின் அளவு, நெறி, சிறுநீரகம், கை விரல் மரத்துப்போகும் தொல்லை, எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு. "அம்மாவுக்குச் சர்க்கரையும் கொதிப்பும் இருக்கிறது, சிவப்பு மருந்து இல்லாத முறை பொருந்துமா ஐயா?" என்று கேளுங்கள். புற்றுநோய் மருத்துவர் பொருந்தாது என்றால் காரணம் சொல்வார். அதை ஏற்றுக்கொண்டு தைரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள். இதயத்துக்குப் பயந்து புற்றுநோயைப் பாதியில் விடுவது, மழைக்குப் பயந்து கடலில் குதிப்பது மாதிரி.

இப்போது அந்த எக்கோ தாள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் கருவாடு விற்பவர். வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தண்ணீர் கீழிருந்து குடத்தில்தான் ஏற வேண்டும். சிவப்பு மருந்து முடிந்து டிராஸ்டுசுமாப் நான்கு முறை ஆகியிருந்தது. "உடம்பு அசதியாக இருக்கிறது" என்றார். சிகிச்சை நடந்த இடத்தில் கீமோ சோர்வு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நம் பெண்கள் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, இல்லை என்றுதான் சொல்வார்கள். குடத்தை எத்தனை இடத்தில் இடுப்பு மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். "முன்னே இரண்டாவது மாடியில் ஒருதரம் மாற்றுவேன். இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கிவைக்கிறேன்" என்றார். ராத்திரி எத்தனை தலையணை? இரண்டு, அதற்கு மேல் மடித்த போர்வை. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தேன். குழி நின்றது.

எக்கோவில் 48. கீமோவுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. எம்.சி. ரோட்டுத் துணிக்கடைப் பை ஒன்றை மேசையில் கொட்டினார். பயாப்சி, ஸ்கேன் படங்கள், மருந்துக்கடைச் சீட்டுகள், மின்சாரக் கட்டண ரசீதுகூட இருந்தது. முதல் எக்கோ மட்டும் இல்லை. 50ஆக இருந்து 48ஆனது ஒரு கதை, 65ஆக இருந்து 48ஆனது வேறு கதை. மகளுக்குப் போன் போட்டு, மாலையில் ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து அது வந்து சேர்ந்தது: 63. பதினைந்து புள்ளி சரிவு, மூச்சிரைப்பு, கால் வீக்கம். அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் பேசி ஊசியை நிறுத்திவைத்தோம். நீர் பிரியும் மாத்திரையும், இதய மாத்திரைகளான எனலாப்ரில், கார்வெடிலாலும் தொடங்கினோம். ஏழு வாரத்தில் 55. ஊசி திரும்பத் தொடங்கியது, முடியவும் முடிந்தது. முதல் எக்கோ கிடைக்காமலிருந்தால் அன்றைக்கு இருட்டில்தான் துழாவியிருப்போம்.

இதில் நாள் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சிவப்பு மருந்து வகையால் இதயம் தளர்ந்தவர்களை இத்தாலியில் தொடர்ந்து கவனித்து 2010இல் எழுதினார்கள். கீமோ முடிந்த இரண்டு மாதத்துக்குள் இதய மாத்திரை தொடங்கியவர்களில் 64 சதவீதம் பேருக்கு இதயம் தேறியது. ஆறு மாதம் கழித்துத் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூட முழுதாகத் திரும்பவில்லை. மாத்திரை ஒன்றுதான், வித்தியாசம் தேதியில் இருக்கிறது.

ஆகவே அம்மாவுக்கு: முதல் எக்கோ ஆகிவிட்டது. சர்க்கரையும் கொதிப்பும் இருப்பதால் சிவப்பு மருந்து இரண்டு முறை ஆனதும் ஒன்று கேட்டுப் பாருங்கள். டிராஸ்டுசுமாப் தொடங்குமுன் கட்டாயம் ஒன்று. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஊசி முடியும்வரை. எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் ஒன்று உண்டு. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முடி வளர்ந்து, கல்யாணம் காட்சிக்குப் போகத் தொடங்கிய பிறகு யாருக்கு எக்கோ ஞாபகம் வரும்? முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மெஷினில் எடுங்கள். ஒரே இதயத்தை இரண்டு பேர் அளந்தால் ஐந்து புள்ளி முன்பின் வருவது சகஜம், சில சமயம் அதற்கு மேலும். 60 போய் 56 வந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கி 50க்குக் கீழே வந்தால் அன்றைக்கே புற்றுநோய் மருத்துவர், இதய மருத்துவர் இருவருக்கும் தெரிய வேண்டும். தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் எக்கோ சில இடங்களில் எடுக்கிறார்கள். மொத்த எண் இறங்குமுன்பே அது காட்டிக்கொடுக்கும். இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ஏறும் டிரோபோனினை அளக்கும் பரிசோதனையும் அப்படித்தான். கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதயத்துக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்துக் காப்பாற்ற முடியாதா? எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் வரவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டாட்டினை, சிவப்பு மருந்து வகை பெற்ற லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) நோயாளிகள் 300 பேருக்குப் பாதிப்பாதியாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்து 2023இல் எழுதினார்கள். இதயம் தளர்ந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம், எடுக்காதவர்களில் 22. அதற்கு முந்தைய ஆண்டு, பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. குழப்பமாக இருக்கிறதா? அம்மாவின் விஷயத்தில் குழப்பம் இல்லை. 54 வயதில் சர்க்கரை இருப்பவருக்கு ஸ்டாட்டின் எப்படியும் கொடுக்க வேண்டியதுதான். கொதிப்புக்கு எப்படியும் மாத்திரை வேண்டும். எனலாப்ரில், டெல்மிசார்டன், கார்வெடிலால் போன்ற, இதயத்துக்கும் உதவுகிற வகையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரகமும் பொட்டாசியமும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். இப்போது கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார் என்றால் ஒரு எச்சரிக்கை: அந்த மாத்திரையே கணுக்காலை வீங்கவைக்கும். இதயத்தால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

உண்மையில் பெரிய காவல் இங்கேதான் இருக்கிறது, புதுப் புது மருந்துகளில் இல்லை. ரத்தக்கொதிப்பை 130/80க்குள் வையுங்கள். கீமோ அன்றைக்கு வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் சர்க்கரை விண்ணுக்குப் போகும். அதற்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "கீமோ போகும்போது மற்ற மாத்திரை எதற்கு" என்று நிறுத்திவிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்து சேரும் மாத்திரை வயிற்றுக்குள்ளும் போக வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் குறையுங்கள். முழுதாக நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாய் கசந்து கிடக்கும் வாரத்தில் இரண்டு வாய் சோறு இறங்க ஊறுகாய் துண்டு ஒன்று வேண்டியிருக்கிறது, அது போகட்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். ஒன்று, குளுக்கோஸ் பாட்டில். தெம்பில்லை என்றால் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வது இங்கே பால் வாங்குவது மாதிரி. நான் சொன்ன கருவாட்டு அம்மாவுக்கும் என்னிடம் வருவதற்கு நான்கு நாள் முன்பு அப்படி இரண்டு பாட்டில் ஏற்றியிருந்தார்கள். தளர்ந்த இதயத்துக்கு ஒரு லிட்டர் நீரை மணிக்கணக்கில் தள்ளினால் அது நுரையீரலில்தான் போய் நிற்கும். வாந்தி பேதியில் உடல் வற்றியிருந்தால் டிரிப் தேவைதான். அதைச் சிகிச்சை நடக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளட்டும். இரண்டு, கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் வகை கொதிப்பை ஏற்றும், நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் இடிக்கும். பாக்ளிடாக்செல் காலத்தில் மூட்டு, தசை வலி வரும். அளவோடு பாரசிட்டமால் போதும். ஆனால் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு. கீமோ காலக் காய்ச்சலை மாத்திரையில் மறைத்துவிடக் கூடாது.

மருதம்பட்டை. என் பாட்டியும் காய்ச்சியவர்தான், அதனால் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் கீமோவின் சேதத்திலிருந்து இதயத்தை அது காக்கும் என்று நம்பிக் கொடுக்குமளவு ஆதாரம் இல்லை. கல்லீரல் ஏற்கெனவே மருந்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மாதங்களில், இன்ன அளவு இன்ன பொருள் என்று தெரியாத ஒன்றைச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

கதிர்வீச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இடது மார்புக்குப் பின்னாலேயே இதயம் இருக்கிறது. இதயத்தில் சராசரியாக விழும் ஒவ்வொரு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கும் பிற்காலத்தில் மாரடைப்பு போன்றவை வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் ஏறுவதாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மூச்சை ஆழமாக இழுத்து அடக்கிக்கொண்டால் நெஞ்சு விரிந்து இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும். அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாய்ச்சும் வசதி சில இடங்களில் உண்டு. இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அம்மா இப்போதிருந்தே இருபது விநாடி மூச்சடக்கிப் பழகலாம்.

ஆபத்தின் அடையாளங்கள் கருவாட்டு அம்மாவின் கதையிலேயே இருக்கின்றன, கூடுதலாகச் சில. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, நீர். இரண்டு காலும் வீங்கினால் இதயத்தை நினையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்வது, ஓய்விலும் படபடப்பு, மயக்கம், நெஞ்சு வலி, எதற்கும் அடுத்த எக்கோ தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். ஸ்டான்லியோ சென்ட்ரல் எதிரில் ஜி.எச்.சோ, எது பக்கமோ அங்கே போங்கள். போனதும் முதல் வாக்கியமாக "கீமோ போய்க்கொண்டிருக்கிறது" என்று சொல்லுங்கள்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாராவது குடல் புற்றுக்குக் கேப்சிடபைன் மாத்திரை சாப்பிட்டால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது இதய ரத்தக்குழாயைத் திடீரென்று இறுக்கக்கூடும். நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடிக்காமல், அடுத்த மாத்திரையைப் போடாமல், உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.

கடைசியாகக் கோயில். தாராளமாகப் போகலாம். உடம்பு அசைவது இதயத்துக்கு நல்லது. சும்மா படுத்துக் கிடந்தால்தான் கெடுதல். மற்ற நாளில் ராபின்சன் பூங்காவிலோ தெருவிலோ பேச்சு தடைபடாத வேகத்தில் அரைமணி நடக்கட்டும். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், அப்போது கூட்டத்துக்குள் போக வேண்டாம். பௌர்ணமி அந்த வாரத்தில் விழாதபடி ஊசித் தேதி அமைந்தால் மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி நடந்துவிடலாம். ஆனால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், மாலையில் முல்லைவாயல் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் பார்க்கும் சுற்று இந்த வருடம் வேண்டாம். வடிவுடையம்மன் போதும். மற்ற இருவரையும் கடைசி எக்கோ முடிந்த பிறகு போய்ப் பார்க்கட்டும்.